வணக்கம் என்று தொடங்கும் மன்றத்துக்கு ஒரு முகப்பு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது யார் தலையைக் குனிந்துகொள்கிறாரோ அவர்தான். "அக்கா, ஒரு கிளையண்ட் அவங்க ஃபோரத்துக்கு ஹோம் பேஜ் வேணும்னு கேக்குறாரு. எந்த போர்ட்டல் ஆட்-ஆன் பெஸ்ட்? சீக்கிரம் சொல்லுங்க லா, மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது."

நான் அப்போது பாசாரில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு அதுதான் மீட்டிங். ஒரு கையால் மீனையும் இன்னொரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, "யாருக்குன்னு முதல்ல சொல்லு, அப்புறம் எதுன்னு சொல்றேன்" என்று பதில் போட்டேன். அவர் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். நானும் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் அவருக்கும், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கட்டைவிரல் வேண்டாம்.

இணைய மன்றம் என்பது திறந்தவுடன் ஒரு பட்டியல்தான். பிரிவுகள், தலைப்புகள், கடைசியாக எழுதியவர் யார், அவ்வளவுதான். பேச வருபவர்களுக்கு அது போதும். ஆனால் மன்றத்தின் பொறுப்பாளருக்கு ஒரு நாள் திடீரென்று வெட்கம் வந்துவிடும். "என்னங்க இது, கடைக் கணக்கு மாதிரி இருக்கு" என்பார். அப்போதுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். நாம் மன்றத்தின் முன்னால் ஒரு முகப்புப் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் செருகுநிரலைத் தேடுவோம். அதற்குத்தான் போர்ட்டல் என்று பெயர். அதில் கட்டம் கட்டமாக வைக்கலாம். செய்திக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒன்று, வானிலைக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. பசம்போர் பலகாரக் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டில் எடுத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, வாடிக்கையாளர்கள் கட்டங்களை எடுப்பதும் அப்படித்தான்.

நான் முதன்முதலில் போட்ட முகப்பு ஒரு தூண்டில் சங்கத்துக்கு. "இப்போது இணைப்பில் இருப்பவர்கள்" என்று ஒரு கட்டம் வைத்தோம். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். பார்க்க ஜோராக இருந்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு சனிக்கிழமை மனைவியிடம், "கடலுக்குள்ள போறோம், லைன் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாளும் மன்றத்தில் உறுப்பினர்தான், மீன் சமையல் பிரிவுக்கு எழுதுகிறவர். குழம்பு வைப்பதைப் பற்றி ஏதோ பார்க்கலாம் என்று திறந்தால், கணவர் பெயர் பச்சையாக எரிகிறது. திங்கட்கிழமை காலை செயலாளர் எங்கள் அலுவலகத்து மரப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். "அந்தக் கட்டத்த எடுத்துருங்க. ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். நாங்களும் கேட்கவில்லை. ஆனால் இன்று வரை தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான்.

இது சிரிக்கிற கதை. நான் சொல்ல வந்த கதையில் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

காடி மன்றம் என்று ஒன்று இருக்கிறது, காடி என்றால் கார்தான். அதன் உண்மையான பெயர் ரொம்ப நீளம், யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர்களுக்காக நடப்பது. பெருநிலத்தில் நிபோங் திபாலிலோ சிம்பாங் அம்பாட்டிலோ இருப்பவர்கள் சிலருக்கு, எங்கள் தீவில் இருக்கும் ஒரு தர்ம சிகிச்சை நிலையத்தில்தான் இடம் கிடைத்திருக்கும். பாலம் தாண்டி வர வேண்டும். பஸ்ஸில் வரலாம் என்றால், திரும்பும்போது உடம்பு நிற்காது. வாடகைக் காரைச் செயலியில் கூப்பிட்டால், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் சிலர் ரத்து செய்துவிடுவார்கள். வாரம் மூன்று தடவை அதற்குக் கட்டுப்படியும் ஆகாது. அதனால் காடி வைத்திருக்கும் நல்ல மனசுக்காரர்கள் சிலர் சேர்ந்து, முடிந்த நாளில் முடிந்தவர் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள்.

முதலில் வாட்ஸ்அப் குழுவில்தான் நடந்தது. விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், இரவானால் நிலாவோடு இரவு வணக்கம், நடுவில் யாருக்கோ காடி வேண்டும் என்ற செய்தி பூவுக்குள் புதைந்து போகும். அதனால்தான் மன்றம். காடி வேண்டும் என்பவர் ஒரு தலைப்பு தொடங்குவார். போக முடிந்தவர் "வர்றேன்" என்று ஒரு சொல் எழுதுவார். உடனே அந்தத் தலைப்பு மங்கலாகிக் கீழே போய்விடும். பதில் வராதது தடித்த எழுத்தில் உச்சியிலேயே நிற்கும். அந்தத் தடித்த எழுத்து நின்றுகொண்டிருந்தால் யாருக்காவது மனசு கேட்காது. அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு எடுத்த எடுப்பில் "எனக்குக் காடி வேணும்" என்று எழுத வராது. அது ஏதோ கையை நீட்டுவது போல் இருக்கும். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் சுகமா என்று கேட்க வேண்டும். போன வாரம் கோயிலில் பார்த்தது, யாருடைய மகள் நிச்சயதார்த்தம், மழை, எல்லாம் முடிந்து கடைசி வரியில் போகிற போக்கில் விஷயம் வரும். தலைப்பும் "வணக்கம்" என்றுதான் இருக்கும். எல்லாத் தலைப்புகளுமே "வணக்கம்". எனக்கு எரிச்சலாக வரும். "தயவுசெய்து தலைப்பில் விஷயத்தை எழுதவும்" என்று ஓர் அறிவிப்பு போட்டுப் பார்த்தேன். பலன் உடனே தெரிந்தது. மறுநாளிலிருந்து தலைப்புகள் "வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று வரத் தொடங்கின. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மன்றத்தின் தலைவர் ஷாகுல் அண்ணன். பாத்திரக் கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு முழு நேரமும் இதற்கே ஓடுபவர். தங்கமான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பலவீனம், அவருடைய புகைப்படம். சொங்கோக் தொப்பி, பாத்தேக் சட்டை, முக்கால்வாசி முகம் இடப்பக்கம் திரும்பிய ஒரு படம் வைத்திருந்தார். ஸ்டூடியோவில் எடுத்தது. அதை அவர் எங்கே போனாலும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தார்.

ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். "தங்கச்சி, நம்ம மன்றத்துக்கு உதவி செய்ய ஒரு டத்தோ வர்றாரு, பட்டம் வாங்குன பெரிய மனுஷன். அவருகிட்ட அந்த மொட்டைப் பட்டியலையா காட்டுறது? மரியாதையா ஒரு முகப்பு போட்டுக் குடு."

மூன்று செருகுநிரல்களை எடுத்துக் காட்டினேன். ஒன்று பளபளப்பு, பெரிய படங்கள் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று எளிமையானது. மூன்றாவது பார்க்க அவலட்சணம், ஆனால் எந்தக் கட்டத்தையும் நாமே நம் இஷ்டத்துக்குச் செய்துகொள்ளலாம். ஷாகுல் அண்ணனின் கண் எங்கே போயிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நகரும் படங்களில் முதலாவது அவருடையது, இரண்டாவது டத்தோ, மூன்றாவது மறுபடியும் அவர். பிறகு தலைவர் உரை. பிறகு நிகழ்ச்சிப் படங்கள். அடியில் சின்னதாக "புதிய தலைப்புகள்" என்று ஐந்து வரி.

எனக்கும் அந்தப் பக்கம் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். எந்தச் செருகுநிரலாக இருந்தாலும், ஒரு பொத்தானில் கழற்ற முடிய வேண்டும், கழற்றினால் மன்றம் பழையபடி அப்படியே நிற்க வேண்டும். மன்றத்தின் நகல் ஒன்றில் ஏற்றி, கழற்றி, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். ஷாகுல் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "கல்யாணத்துக்கு முன்னாடியே விவாகரத்து எப்படின்னு பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"உங்க நன்மைக்குத்தான் அண்ணே."

"நல்ல வாய் வெச்சிருக்கே."

ஞாயிற்றுக்கிழமை முகப்பை ஏற்றினோம். புதன்கிழமை பிற்பகல் டத்தோ வருகிறார். அடுத்து நடந்ததை யாராக இருந்தாலும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நம் ஆட்கள் புதிதாக ஒன்றைப் பார்த்தால் வாழ்த்தாமல் இருக்க மாட்டார்கள். வாழ்த்து தனித் தலைப்பில்தான் வரும். "வணக்கம், புதிய முகப்புக்கு வாழ்த்துகள்." "வணக்கம், தலைவருக்கு நன்றி." "வணக்கம், அருமை." ஐந்து வரிக் கட்டத்தில் ஐந்து வாழ்த்துகள் உட்கார்ந்தன, இறங்கின, அடுத்த ஐந்து ஏறின. தடித்த எழுத்துப் பட்டியலோ இப்போது முகப்புக்குப் பின்னால் இருந்தது. வண்டி ஓட்டுபவர்கள் வழக்கம்போல் மன்றத்தைத் திறந்தார்கள், படம் நகர்வதைப் பார்த்தார்கள், இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் வேண்டாம் போல என்று மூடிவிட்டார்கள்.

புதன்கிழமை. பாடாங் திடல் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். நாற்காலிகளில் வண்டி ஓட்டும் உறுப்பினர்கள், முன்வரிசையில் நெஞ்சில் பூ குத்திய செயற்குழு. பெரிய திரையில் முகப்பு. மடிக்கணினிக்கு முன்னால் நான். ஷாகுல் அண்ணனின் முகம் திரையில் வந்து வந்து போகிறது. அவர் கையில் நாலாய் மடித்த உரை.

டத்தோ அதிகம் பேசாத மனிதர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாருக்குங்க. இன்னிக்கு யாருக்குக் காடி வேணும்? அதக் காட்டுங்க" என்றார்.

குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவர் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் எங்கள் பளபளப்பில் அது எங்கேயும் இல்லை. நான் முகப்பைத் தாண்டி உள்ளே போய், காடிப் பிரிவைத் திறந்தேன். உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு நின்றது: "மீண்டும் வணக்கம்."

அதைத் தட்டினேன். நிபோங் திபாலில் இருக்கும் லெட்சுமி அக்கா எழுதியது. அவருக்குத் தட்டச்சு வராது, போனில் பேசினால் அது எழுதிக்கொள்ளும். அதனால் பேச்சு அப்படியே இருந்தது. மண்டபம் முழுக்கத் திரையில் படித்தது.

"வணக்கம் அண்ணன்மார் அக்காமார் எல்லாரும் நல்லா இருக்கீங்களா. புது பக்கம் ரொம்ப அழகா இருக்கு. செஞ்சவங்களுக்கு நன்றி. தலைவர் படம் நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. இங்க மழை. திங்கக்கிழமையும் எழுதியிருந்தேன், யாருக்கும் சௌகரியப்படல போல, பரவால்ல. அதனால அவரு அன்னைக்கு மெஷினுக்குப் போகல. இப்ப காலு ரெண்டும் வீங்கியிருக்கு. படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்துகிட்டேதான் தூங்குறாரு. இன்னிக்கு சாயங்காலமும் மெஷின் இருக்கு. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க. முடியலன்னாலும் பரவால்ல."

இயந்திரத்துக்கு ஒரு தடவை போகவில்லை என்றால் உடம்பில் நீர் சேரும். இரண்டாவது தடவையும் போகவில்லை என்றால் அது நுரையீரலுக்குள் இறங்கும். அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். அந்த அம்மாள் எங்களுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார்.

காடி மன்றச் செயலாளர் என் காதருகே குனிந்து, "டத்தோ பேசி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நீங்கள் இந்த வேலையில் நீடித்தால் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். முன்னால் பெரிய மனிதர்கள் இருப்பார்கள். காதில் ஒருவர் "அப்புறம்" என்பார். அந்த நேரத்தில் நீங்கள் கையாளுவது கணினி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் முதலில் கணினியைத் தொடவில்லை. லெட்சுமி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அண்ணனுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு? பேச முடியுதா?"

"பேசுறாரு லா. என்னத்தான் திட்டிக்கிட்டு இருக்காரு."

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்தது சிகிச்சை நிலையத்துத் தாதிக்கு. அவர் சுருக்கமாகச் சொன்னார், "மூச்சு திணறுனா ஆம்புலன்ஸ கூப்பிடச் சொல்லுங்க, இங்க கொண்டு வராதீங்க. பேசுறாருன்னா உடனே கூட்டிட்டு வாங்க. மெஷின நான் பிடிச்சு வெக்கிறேன், ரொம்ப நேரம் முடியாது." அதை அப்படியே லெட்சுமி அக்காவிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஷாகுல் அண்ணன் பாதி முகத்தில் மறைந்தார். பழைய மொட்டைப் பட்டியல் வந்து நின்றது.

பார்த்தால் தடித்த எழுத்தில் ஒன்றல்ல, இன்னும் சில வணக்கங்கள் நின்றுகொண்டிருந்தன. சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒருவர், வேறோர் இடத்திலிருந்து ஒருவர். பின்வரிசையில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து, "சிம்பாங் அம்பாட் நான் போறேன்" என்றார். லாரி ஓட்டும் ஒரு தம்பி வாயில் இருந்த கறிபாப்பை விழுங்காமலே கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

நான் ஷாகுல் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வந்திருக்கும் விருந்தாளிக்கு முன்னால் ஒரு மனிதரின் முகத்தை அணைத்துவிட்டிருக்கிறேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் உரையை டத்தோவின் கையில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க டத்தோ. நிபோங் திபாலுக்கு என்னோட காடிதான் பெருசு, சக்கர நாற்காலி உள்ள போகும்."

அப்படியே போய்விட்டார். நெஞ்சில் பூவோடு.

அதற்குப் பிறகு மற்ற ஓட்டுநர்களும் ஆளுக்கொரு வணக்கத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட, மண்டபத்தில் டத்தோவும் செயற்குழுவும் நானும் ஒரு மேசை நிறைய கறிபாப்பும்தான் மிச்சம். டத்தோ உரையைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பழைய பேஜ் எனக்குப் புரியுது" என்றார். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்பதை ஷாகுல் அண்ணனே மறுநாள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். மாடிப்படி ஏறி வந்தவர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் பயந்துபோனேன்.

"அண்ணே, அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. தண்ணி எடுத்துட்டாங்க. ராத்திரி படுத்துத் தூங்கினாராம்." பிறகு பெருமூச்சு விட்டார். "அந்த ஆளு முன்னாடி என்ன வேல பாத்தாரு தெரியுமா? பள்ளிக்கூட பஸ் டிரைவர்."

லெட்சுமி அக்காவின் கணவர் ஆறுமுகம் அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். காடி கிளம்பியதிலிருந்து நிலையத்து வாசல் வரை, மூச்சு வாங்க வாங்க, ஷாகுல் அண்ணனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். "பிரேக்க அப்படி மிதிக்காதீங்க. பின்னால ஆள் இருக்கு." "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்காங்க?" பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றபோது, தடம் மாறத் தெரியாததற்கு ஒரு தனிப்பாடம்.

"அந்தம்மாவாச்சும் சும்மா வந்துச்சான்னு கேளு" என்றார் ஷாகுல் அண்ணன்.

"வந்துச்சா?"

"பின்னால உக்காந்துகிட்டு மன்றத்த திட்டிக்கிட்டே வந்துச்சு. எழுதும்போது அழகா இருக்குன்னு எழுதுச்சே, மரியாதைக்கு. காடில ஏறினதும் வேற. புது பேஜ் எவன் போட்டதோ, என் போன்ல திறக்கவே மாட்டேங்குது, வெள்ளையா நிக்குது, பழைய லிங்க்குல பூந்துதான் எழுதுனேன், போட்டவன் ஒரு நாளு எங்கூட வந்து பஸ் ஸ்டாப்புல நிக்கணும்னுச்சு. நான் ஆமாம்மான்னேன்."

"நீங்க தலைவர்னு சொல்லலியா?"

"எப்படி சொல்லுவேன்?" என்றார். "ரெண்டு தடவ எழுதியிருக்கு, தங்கச்சி. ரெண்டு தடவையும் பரவால்லன்னு எழுதியிருக்கு."

அவர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "நீ எதப் போடுவியோ போடு. நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா அந்தம்மாகிட்ட காட்டிட்டுப் போடு."

இதோ, உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. போர்ட்டலைத் தேர்ந்தெடுக்க நான் செருகுநிரல்களின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெருமைகளைப் படிக்கவில்லை. நிபோங் திபாலுக்கு பஸ் ஏறினேன். லெட்சுமி அக்காவின் போனை வாங்கினேன். ஓரம் உடைந்த பழைய போன், வீட்டுக்குள் லைன் சரியாக வராது, வாசலுக்கு வர வேண்டும். அதில்தான் மூன்றையும் திறந்து பார்த்தேன். பளபளப்பானது வெள்ளையாகவே நின்றது. எளிமையானது திறந்தது, ஆனால் தலைப்புகள் மட்டும்: வணக்கம், வணக்கம், வணக்கம். தலைப்போடு முதல் வரிகளையும் காட்ட அதில் வசதி இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன். வணக்கம், நல்லா இருக்கீங்களா, இங்க மழை. விஷயம் கடைசி வரியில் அல்லவா இருக்கிறது. நம் ஆட்களுக்கென்று கடைசி வரியைக் காட்டும் செருகுநிரலை யாராவது எழுதினால் நன்றாக விலைபோகும். உங்களில் கெட்டிக்காரர்கள் யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் அந்த அவலட்சணம்தான் நின்றது. அதில் நாமே கட்டம் செய்யலாம் என்று சொன்னேன் இல்லையா, அங்கேயே வாசலில் உட்கார்ந்து செய்தேன். உச்சியில் ஒரே பொத்தான்: "காடி வேண்டும்". தொட்டால் ஊர், நாள், நேரம் மூன்றையும் விரலால் தேர்ந்தெடுக்கலாம். அது முகப்பின் முதல் கட்டத்தில் தடித்த எழுத்தில் போய் நிற்கும், யாராவது "வர்றேன்" என்று சொல்லும் வரை நகராது. அதற்குக் கீழே பேச்சுக்கு இடம். வணக்கம் சொல்லலாம், மழையைச் சொல்லலாம், எவ்வளவு நீளம் வேண்டுமானாலும். முன்பு அவர்கள் எழுதுவதைத் திருத்தப் பார்த்தேன். அன்றைக்கு அவர்கள் எழுதுவதுபோலவே எழுதட்டும் என்று பக்கத்தைத் திருத்தினேன். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

லெட்சுமி அக்கா தொட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை நான் சொல்லாமலே தொட்டார். உள்ளேயிருந்து ஆறுமுகம் அண்ணன், "நேரத்த சரியாப் போடு, அரை மணி முன்னாடியே போடு, ஓட்டுறவனுங்க லேட்டாத்தான் வருவானுங்க" என்றார்.

"வேற ஏதாச்சும் வேணுமாக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "கேட்டா தப்பா நினைக்காதீங்க. வர்றவங்க படத்தப் போட முடியுமா? வாசல்ல ஒரு காடி வந்து நிக்கும், யாருன்னே தெரியாது. இவர ஏத்தி அனுப்பணும். முகத்த முன்னாடியே பாத்து வெச்சிருந்தா மனசுக்கு ஒரு இது." பிறகு சிரித்தார். "அன்னைக்கு வந்தாரே, சட்டைல பூ குத்திக்கிட்டு, அந்த அண்ணன் படத்தக் கட்டாயம் போடுங்க. நல்ல மனுஷன். ஓட்டத்தான் தெரியல."

அவர் யார் என்று நான் சொல்லவில்லை. ஷாகுல் அண்ணனே சொல்லாததை நான் சொல்ல முடியாது.

இரண்டாவது கட்டம் அப்படித்தான் வந்தது. வண்டி ஓட்டுபவர்களின் முகங்கள், நேராகப் பார்த்து எடுத்த படங்கள், கீழே பெயர், காடியின் நிறம். டத்தோ, தலைவர் என்ற பட்டங்கள் இல்லை. அதில் நான் ஒரு விதி வைத்தேன்: அந்த மாதம் ஒரு தடவையாவது யாரையாவது ஏற்றிப் போனவர் படம்தான் தெரியும். போகாதவர் படம் தானாக மறைந்துவிடும், மறுபடி போனால் மறுபடி வரும். ஷாகுல் அண்ணனிடம் காட்டியபோது நீண்ட நேரம் பார்த்தார்.

"தலைவருக்கு ஒரு சலுகை கிடையாதா?"

"கிடையாதுண்ணே."

"சரி, போய் நேரா பாத்து ஒரு படம் எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்தார். படியிறங்கும்போது, "தொப்பி போட்டுக்கலாமில்ல?" என்று ஒரு குரல் வந்தது.

அதனால் தம்பி, உன் கிளையண்டிடம் போய் எந்த போர்ட்டல் பெஸ்ட் என்று விவாதிக்காதே. அவருடைய மன்றத்தில் யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேள். அவருக்குப் பதில் தெரியாது என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆளின் போனில் பார். கழற்றிப் பார்த்துவிட்டுப் போடு.

இன்னொன்றுக்கும் தயாராக இரு. இப்படிச் செய்து கொடுத்தால் பாராட்டு வராது. காடி மன்றத்தின் முகப்பைப் பார்க்கும் புதியவர்கள், "என்ன மேல வெறுங்கட்டமா இருக்கு, ஏதாச்சும் படம் போடலாமே" என்று இன்றும் எனக்கு எழுதுகிறார்கள். காத்திருப்பவர்களுக்கான கட்டம் அது. இன்று காலையும் பார்த்தேன். கீழே ஷாகுல் அண்ணன் தொப்பியோடு இருந்தார். மேலே ஒருவரும் இல்லை.